வியாழக்கிழமை நான்கு மணி

24 ஏப்ரல் 2025, வியாழன்

இன்றும் அவன் வரவில்லை. நான்கிலிருந்து ஐந்து வரை கதவைப் பாதி திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். துணைநாடி, அதாவது போதையிலிருந்து மீள உளவளத்துணை தேடி வருபவர், வராவிட்டாலும் அந்த மணித்தியாலம் அவருக்கு உரியது, அதில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது என்னை மேற்பார்வை செய்யும் மிஸ்ஸின் கட்டளை. இரண்டு நாற்காலிகளையும் நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்த்துப் போட்டேன். ஐந்து மணிக்குக் கோப்பில் 'சமுகமளிக்கவில்லை' என்று எழுதி, நேரத்தைக் குறித்து, கையொப்பமிட்டேன்.

25 ஏப்ரல், வெள்ளி

போதைப்பொருள் உளவளத்துணையாளர் சான்றிதழுக்கான பரீட்சை வருகிறது, முதலாம் பாடநெறியை மறுபடி படிக்கிறேன். உடலியலும் மருந்தியலும். எட்டுப் பாடநெறிகளிலும் என்னைத் தூங்கவிடாதது இதுதான். ஹெரோயினை நிறுத்தினால் உடலின் தாங்குதிறன் விரைவாக இறங்கிவிடுகிறது. பழைய நினைப்பில் பழைய அளவையே எடுப்பவருக்கு மூச்சு அடங்கிவிடும். சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு கிழமைகள் மிக ஆபத்தானவை என்பதற்கும் இதுவே காரணம். இங்கே பெரும்பாலானோர் ஊசி போடுவதில்லை, ஈயத்தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையைத்தான் இழுக்கிறார்கள், ஆகவே ஆபத்துக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவன் பல மாதங்கள் தொடாமல் இருந்தவன்.

தொலைபேசி எண் கோப்பில் இருக்கிறது. அதன் பக்கத்தில் அவனுடைய கையெழுத்திலேயே 'வீட்டுக்கு எடுக்க வேண்டாம்' என்றும் இருக்கிறது.

(வயது, தெரு, தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மிஸ்ஸிடம் அனுமதி கேட்டுவிட்டேன்.)

29 ஏப்ரல், செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் வழக்கமான செவ்வாய்க் கூட்டம். மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய விரல்களில் மெழுகு ஒட்டியிருந்தது. "பிள்ளை, அவனுடைய சட்டைப்பையில் உங்கள் இடத்து அட்டை இருந்தது. அங்கேதான் வருகிறானா? இல்லை வேறு எங்காவது போகிறானா? ஒரு சொல் சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்."

வருகிறான் என்றும் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் சொல்ல முடியாது. யார் வருகிறார்கள் என்பதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். அவருக்கு ஏதும் கதைக்க வேண்டியிருந்தால் போதைப்பொருள் உதவி இலக்கமான 1927க்கு எடுக்கலாம், குடும்பத்தவர்களுடனும் கதைப்பார்கள் என்றேன். அவர் என் கையை விட்டார். விட்ட விதம்தான் இன்னும் மனத்தில் நிற்கிறது. முகத்தில் கோபம் இல்லை. கடைக்காரன் பொருள் இல்லை என்று சொன்னதும் விலகிப் போகிறவர் போல விலகிப் போனார்.

1 மே

மே தினம். நிலையம் பூட்டு. அவன் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தால்?

4 மே, ஞாயிறு

நாள் முழுவதும் பயிற்சி. ஒருவர் குடிப்பவராக நடிக்க வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஓடிட்' வினாக்கொத்தில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 புள்ளிகள், எட்டு வந்தாலே கவனிக்க வேண்டும். குடிக்கும் நாளில் எத்தனை அளவு குடிப்பீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. கொழும்பில் யார் அளவு கணக்கில் குடிக்கிறார்கள்? கால் போத்தல், அரைப் போத்தல் என்றுதான் சொல்வார்கள். ஆகவே நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஓர் அளவு என்பது 10 கிராம் மதுசாரம். நம் சாராயத்தின் வலிமை 33 வீதத்துக்குச் சற்று மேல். கால் போத்தலில் ஏறக்குறைய ஐந்து அளவு, அரையில் பத்து. களவாகக் காய்ச்சும் கசிப்புக்கு எந்தக் கணக்கும் இல்லை. காய்ச்சியவனுக்கே தெரியாது.

பின்னேரம் ஊக்குவிப்பு நேர்காணல். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை. ஒருவர் மாற வேண்டியதற்கான காரணங்களை நாம் அடுக்கினால், மாறாமல் இருப்பதற்கான காரணங்களை அவர் அடுக்கத் தொடங்குவார். காரணங்கள் அவருடைய வாயிலிருந்தே வர வேண்டும். கேட்கும்போது எளிது. ஆனால் நம்மவர்களின் வீடுகளில் அன்பு என்பதே புத்தி சொல்வதுதானே. "நிறுத்து ராசா, அம்மாவைப் பார்" என்று சொல்லாமல், "அம்மா அழும்போது உங்களுக்கு என்ன நடக்கிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய வேலை. குடிகாரராக நடித்தவர் என் கேள்விக்குப் பிறகு உண்மையாகவே அழுதுவிட்டார். அவர் யாரை நினைத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

8 மே, வியாழன்

வரவில்லை. நல்ல மழை.

12 மே, வெசாக்

தெரு முழுவதும் வெளிச்சக் கூடுகள். சந்தியில் இலவசமாக உணவு கொடுக்கும் தன்சல், பாணும் பருப்பும். பக்கத்து வீட்டு அங்கிள் நேற்று இரவோடு குடியை நிறுத்திவிட்டாராம். வெசாக்குக்காக இரண்டு நாளும் சாராயக் கடைகள் பூட்டு, இதையே சாட்டாக வைத்து விட்டுவிடப் போகிறார் என்று அன்ரி வாசலில் நின்று சந்தோஷமாகச் சொன்னார். அங்கிள் தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அப்படியும் சோசரில் சிந்தியது. நெற்றியில் வியர்வை. பல வருடங்களாக நாள் தவறாமல் அரைப் போத்தல்.

அன்ரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். இவ்வளவு காலம் குடித்தவர் வைத்தியரிடம் காட்டாமல் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. ஹெரோயினை நிறுத்துவது நரகம், ஆனால் அந்த நிறுத்தம் மட்டும் ஆளைக் கொல்வது அரிது. மது அப்படியல்ல. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் அளவில் சித்தம் கலங்கலாம். இன்றே காட்டுங்கள் என்றேன்.

"அவராக விட்டிருக்கிறார், நீ அதைக் கெடுக்காதே" என்றார்.

13 மே, அதிகாலை

மூன்றரைக்கு வலிப்பு வந்துவிட்டது. அன்ரியின் சத்தம் கேட்டு ஓடினேன். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தேன், வாய்க்குள் கரண்டி வைக்க வந்தவரைத் தடுத்தேன். நாக்கைக் கடித்ததில் தலையணையில் இரத்தம். 1990க்கு எடுத்தேன். அம்புலன்ஸ் வந்ததும் இவர் குடிப்பவரா என்று முதலில் கேட்டார்கள். இல்லை, எப்போதாவது கலியாண வீடுகளில் மட்டும் என்றார் அன்ரி. நான் குறுக்கிட்டேன். தினமும் அரைப் போத்தல், கடைசியாக ஞாயிறு இரவு. அன்ரி என்னைப் பார்த்த பார்வை.

சொல்லாமல் இருந்திருந்தால் வேறு ஏதோ நோய் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். குளுக்கோஸுக்கு முன் தயமின் என்ற விட்டமினைக் கொடுக்க வேண்டும் என்பதுகூடத் தள்ளிப்போயிருக்கலாம்.

14 மே

அங்கிள் வார்ட்டில் இருக்கிறார். போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் என்று மகள் சொன்னாள். இன்று கொஞ்சம் தேறியிருக்கிறதாம். அன்ரி என்னோடு கதைப்பதில்லை.

15 மே, வியாழன்

வரவில்லை.

18 மே, ஞாயிறு

எட்டாவது பாடநெறி: ஒழுக்கநெறி. இரகசியம் காப்பதற்கு உள்ள விதிவிலக்குகளை எழுதிப் பார்த்தேன். தன்னையோ பிறரையோ ஆபத்துக்குள்ளாக்கும் நிலை, சிறுவர் துஷ்பிரயோகம், நீதிமன்றக் கட்டளை, உயிருக்கு அவசர மருத்துவ ஆபத்து. ஒவ்வொன்றையும் அவனுக்குப் பொருத்திப் பார்த்தேன். எதிலும் அவன் அடங்கவில்லை. வராமல் போவது விதிவிலக்கு அல்ல.

மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். "நீ எடுக்க நினைப்பது அவனுக்காகவா, உன் நித்திரைக்காகவா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். அது நேர்மையான பதில் என்றார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

அங்கிள் விடயத்தில் நான் உளவளத்துணையாளராகப் போகவில்லை, அயலவளாகப் போனேன். யாரும் என்னிடம் எந்தப் படிவத்திலும் எதையும் வேண்டாம் என்று எழுதித் தரவில்லை. சட்டப்படி தெளிவு. அன்ரிக்கு அந்தத் தெளிவு எதற்கு?

23 மே, வெள்ளி

சான்றிதழுக்கு வேண்டிய, மேற்பார்வையின் கீழ் வேலை செய்த மணித்தியாலங்களுக்கான கடிதம் இன்னும் வரவில்லை. முன்பு இருந்த இடத்தில் கையொப்பமிட வேண்டியவர் விடுமுறையாம். 176 பஸ்ஸில் ஏறி இராஜகிரிய வரை போனதுதான் மிச்சம்.

31 மே, சனி

பரீட்சை முடிந்தது. கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று கையொப்பமிட்டிருப்பதால் எழுதமாட்டேன். பக்கத்து இருக்கையில் மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த தம்பி. கென்யாவிலும் பிலிப்பைன்ஸிலும் இதே எட்டுப் பாடநெறிகளைத்தான் படிக்கிறார்கள் என்று அவனிடம் சொன்னேன். கொழும்புத் திட்டம் என்ற பல நாடுகளின் அமைப்பு 1973இல் தொடங்கிய போதைப்பொருள் ஆலோசனைத் திட்டத்தின் வழியாக வந்த படிப்பு இது. எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய சான்றிதழ் அது. நான் அதை வாங்கியே தீருவேன்.

5 ஜூன், வியாழன்

அவனுடைய நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று நிலையத்தில் கேட்டார்கள். இந்த மாதம் முடியட்டும் என்றேன்.

10 ஜூன், பொசன்

பௌத்தத் திருநாள், சாராயக் கடைகள் பூட்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் அடிக்கடி காது கொடுத்தபடி இருந்தேன்.

13 ஜூன், வெள்ளி

அந்தோனியார் திருநாள். சுரூபம் தெருவால் வருகிறது, இரண்டு பக்கமும் சனம். அதற்குள் அவன். வெள்ளைச் சட்டை, அம்மாவின் தோளில் கை. உயிரோடு இருக்கிறான்! என் முழங்கால்கள் தளர்ந்துவிட்டன.

பொது இடத்தில் துணைநாடியைக் கண்டால் நாமாக முகமன் சொல்லக் கூடாது. அவர் சொன்னால் மட்டும் பதில். அவன் பார்த்தான், நிச்சயமாகப் பார்த்தான். பிறகு சுரூபத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். மெலிந்திருந்தான். கண்மணி சுருங்கியிருக்கிறதா, மறுபடி எடுத்திருக்கிறானா என்று என் கண் தானாகத் தேடியது. அந்தத் தூரத்தில், அந்த வெளிச்சத்தில் என்ன தெரியும்? அம்மா என்னைக் காணவில்லை, அல்லது காணாதது போல நின்றார். கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. திருநாளுக்கு வந்த மனிதனை நான் ஏன் ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தேன்?

19 ஜூன், வியாழன்

வரவில்லை. ஆனால் இன்று நான் வேறு விதமாகக் காத்திருந்தேன். பயம் இல்லை, கோபம் இருந்தது. அதையும் மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும்.

26 ஜூன், வியாழன்

போதைப்பொருளுக்கு எதிரான சர்வதேச தினம். காலையில் பாடசாலைப் பிள்ளைகள் பதாகைகளோடு போனார்கள். மண்டையோடு, தூக்குக் கயிறு, போதை அரக்கன். இவற்றை வரையச் சொன்னவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அண்ணன் வீட்டில் பாவிக்கிறான் என்றால், இந்தப் பதாகையை ஏந்திவிட்டு அவள் யாரிடம் போய் உதவி கேட்பாள்? அரக்கனுக்கு எவராவது சிகிச்சை கேட்பார்களா? அண்ணன் அகப்படுவான், நாங்கள் தலைகுனிவோம் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வாள். அன்ரி அம்புலன்ஸ்காரர்களிடம் பொய் சொன்னதும் இந்தப் பயத்தால்தான். ஒரு பதாகையிலாவது 1927 என்ற நான்கு இலக்கங்கள் இருந்தனவா என்று பார்த்தேன். எனக்குத் தென்பட்டவற்றில் இல்லை.

பின்னேரக் கூட்டத்துக்கும் அழைத்தார்கள். நான்கு மணிக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

30 ஜூன், திங்கள்

கடிதம் வந்துவிட்டது. மணித்தியாலங்களின் கூட்டுத்தொகை பிழை, திருப்பி அனுப்ப வேண்டும். பெறுபேறு பற்றி ஒரு தகவலும் இல்லை.

அங்கிள் சனிக்கிழமை மறுபடி தொடங்கிவிட்டாராம், இன்று காலையிலிருந்து மீண்டும் நிறுத்தம். அன்ரி மதிலுக்கு மேலால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். கைகள் நடுங்குகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். போய்வந்து எழுதுகிறேன்.