கண்ணில் கோளாறில்லை, ஆனால் எழுத்து தெரியவில்லை

பள்ளி வயதுப் பிள்ளை. கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை என்கிறாள். கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டும் 6/36 வரியைத் தாண்டவில்லை (இயல்பான கண் 36 மீட்டரில் வாசிப்பதை இவள் 6 மீட்டரில்தான் வாசிக்கிறாள்; 6/6 என்றால் இயல்பு). கருவிழி, லென்ஸ், விழித்திரை, பார்வை நரம்பு எல்லாம் சரியாக இருக்கின்றன. இந்த இடத்தில் சிலர் "நடிக்கிறாள்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். வேறு சிலர் பயத்தில் ஸ்கேன்மேல் ஸ்கேனாக எடுப்பார்கள்.

மன அழுத்தத்தால் வரும் பார்வைக் குறைவில் குழந்தைக்கு நிஜமாகவே தெரியாததுபோல் இருக்கிறது. பெரும்பாலும் அது பொய் அல்ல. பெண் பிள்ளைகளிடம் கொஞ்சம் அதிகம், பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும்.

"எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆகவே மனசுதான்" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. பார்வை இருக்கிறது என்பதைக் காட்டியாக வேண்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம், பொறுமை போதும். பார்வைப் பலகையை வழக்கம்போல மேலிருந்து தொடங்காமல் மிகச் சிறிய வரியிலிருந்து தொடங்குங்கள். தெரியவில்லை என்றால் "சரி, இதைவிட இரண்டு மடங்கு பெரிசு காட்டுறேன்" என்று சொல்லி மெல்ல மேலே வாருங்கள். 6/36 என்ற பிள்ளை 6/9-லேயே வாசிக்கத் தொடங்குவது சகஜம். அடுத்தது லென்ஸ் வித்தை: +0.50 பவர் லென்ஸ் போட்டு, அதன்மேல் −0.50 சேர்த்தால் கூட்டல் பூஜ்யம். "இது நல்லா தெளிவாக்கும்" என்று சொல்லி வாசிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 6/6 வரை போய்விடுவார்கள்.

ஒரு கண் மட்டும் தெரியவில்லை என்றால், இரு கண்ணும் திறந்திருக்க, நல்ல கண்ணின்முன் +5 போன்ற லென்ஸைப் போட்டு மங்கலாக்குங்கள். இப்போது வாசிப்பது 'தெரியாத' கண்தான். இங்கே சொதப்புவது ஒரே காரணத்தால்: பிள்ளை ஒரு கண்ணை மூடிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். ஆகவே பலகையை விட்டு, பிள்ளையின் இமைகளைக் கவனியுங்கள். 40 வில்விநாடி (நேரமல்ல, கோண அளவு) அளவுக்கு நுண்ணிய முப்பரிமாணப் படத்தைச் சொல்லிவிட்டால், இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய இயல்பான பார்வை இருக்கிறது என்று கொள்ளலாம்.

பக்கப் பார்வை குறுகிவிட்டது என்று சொன்னால் 1 மீட்டரில் அளந்து, பிறகு 2 மீட்டரில், இரண்டு மடங்கு பெரிய இலக்கை வைத்து அளங்கள். தூரம் இரட்டித்தால் தெரியும் பரப்பின் அகலமும் இரட்டிக்க வேண்டும். குழாய்போல அதே அகலமாக நின்றால் அது கண் நோயின் கணக்குக்குள் வராது. விஇபி பரிசோதனையை (படம் பார்க்கும்போது மூளையில் எழும் மின் அலையை அளப்பது) மட்டும் நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள். பிள்ளை திரையை உற்றுப் பார்க்காமல் பார்வையைத் தளர்த்தினாலே அலை குறைந்துவிடும்.

மனசுதான் என்று நினைத்து நிஜ நோயைத் தவறவிடுவதில் முதலிடம் ஸ்டார்கார்ட் நோய்க்கு (விழித்திரையின் மையத்தைத் தாக்கும் பரம்பரை நோய்). ஆரம்பத்தில் விழித்திரை பார்ப்பதற்கு இயல்பாகவே இருக்கும். ஓசிடி (விழித்திரை அடுக்குகளின் ஸ்கேன்), ஆட்டோஃப்ளோரசன்ஸ் படம் (விழித்திரை தானாக ஒளிர்வதைக் காட்டுவது), ஈஆர்ஜி (விழித்திரையின் மின் அலையை அளப்பது) இவைதான் காட்டிக்கொடுக்கும். கூம்பு வடிவக் கருவிழியைக் கண்டுபிடிக்க டோபோகிராஃபி (கருவிழியின் வளைவை வரைபடமாக்குவது) வேண்டும். குவியத் தசை (கிட்டத்தில் பார்க்க லென்ஸைக் குவிக்கும் தசை) இறுக்கம் கிட்டப்பார்வைபோல ஏமாற்றும். அந்தத் தசையைத் தளர்த்தும் சைக்ளோபென்டோலேட் 1% சொட்டை 5 நிமிட இடைவெளியில் இருமுறை விட்டு, 30 முதல் 45 நிமிடம் கழித்து ரெட்டினோஸ்கோப்பில் (கண்ணின் பவரை ஒளிகொண்டு அளக்கும் கருவி) பார்த்தால் வேஷம் கலையும். பார்வை நரம்பு அழற்சியில் கண்ணை அசைத்தால் வலி, நிறம் மங்குதல், மறுகண்ணைவிட ஒளிக்குக் கண்மணியின் எதிர்வினைக் குறைவு ஆகியவை இருக்கும். ஆனால் இரு கண்ணும் சமமாகப் பாதித்தால் அந்தக் கண்மணி வித்தியாசம் தெரியாது என்பதை மறக்கக் கூடாது. பாதிப் பக்கம் நேர்க்கோட்டில் வெட்டியதுபோல் மறைந்தாலோ, தலைவலியோடு வளர்ச்சி குன்றினாலோ, படிப்பும் நடத்தையும் திடீரெனச் சரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ எம்ஆர்ஐ தாமதிக்கக் கூடாது. நிஜ நோயும் மன அழுத்தமும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தும் இருக்கலாம்.

பிள்ளையிடம் என்ன சொல்கிறோம் என்பதே பாதி சிகிச்சை. "உன் கண்ணில் பார்க்கிற சக்தி முழுசா இருக்கு. கொஞ்ச நாளில் தானா தெளியும்." இவ்வளவு போதும். பிடித்துவிட்டேன் என்ற தொனி வந்தால் பிள்ளைக்குப் பின்வாங்க வழியில்லாமல் போகும், அறிகுறி இறுகும். பவர் இல்லாத கண்ணாடி கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, நோய் இருக்கிறது என்று பிள்ளையை நாமே நம்பவைப்பதாகிவிடும். வீட்டில் தினமும் விரலைக் காட்டி "இது எத்தனை?" என்று கேட்பதை நிறுத்துங்கள். பள்ளிக்கு அனுப்புங்கள்.

பெற்றோர் இல்லாமல் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். தேர்வு, வகுப்பில் கேலி, வீட்டுச் சண்டை, அக்கா கண்ணாடி போட்டது, கண்டுபிடிக்கப்படாத வாசிப்புக் குறைபாடு என்று எதுவாகவும் இருக்கலாம். துன்புறுத்தல் என்ற சந்தேகம் வந்தால் அன்றைக்கே நடவடிக்கை. பல பிள்ளைகளிடம் காரணமே கிடைக்காது. அதனால் கண்டறிந்தது பொய்யாகாது.

பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தெளிந்துவிடுவார்கள். பள்ளிக்குப் போக மறுப்பது, சோர்ந்து கிடப்பது, சாவைப் பற்றிப் பேசுவது, கைகால் பலவீனம் சேர்வது ஆகியவை இருந்தால் குழந்தை மனநல மருத்துவர் வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் 4 முதல் 6 வாரத்தில் மறுபரிசோதனை. அதிலும் பலகையைக் கீழிருந்தே தொடங்குங்கள். பார்வை முன்பைவிட இறங்கியிருந்தால் ஓசிடியும் ஈஆர்ஜியும் மறுபடி எடுக்க வேண்டும்.