மோட்டாரைத் தாங்கும் ஃபிரேம்

கல்லூரிக்குப் போய்வரும் சைக்கிளில் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே அமரும் மின்மோட்டார், பூட்டித் தரும்படி என் தங்கை மகன் கேட்டபோது, மோட்டாரையும் பேட்டரியையும் முடிவு செய்ய ஒரு மாலைப் பொழுதே போதுமானதாக இருந்தது. அவற்றைச் சுமக்கும் ஃபிரேமை முடிவு செய்ய மூன்று வாரம் ஆயிற்று. 25 சி.சி.க்கு மேற்பட்ட பெட்ரோல் எஞ்சின் பொருத்தினால் சைக்கிள் மோட்டார் வாகனமாகிவிடும், பதிவும் உரிமமும் வேண்டும் என்பதால் அந்த யோசனையை முதலிலேயே விட்டுவிட்டோம். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட மின்மோட்டாருக்கு நம் நாட்டு விதிகளில் விலக்கு உண்டு.

இருபத்தைந்து கிலோமீட்டர் என்பது சிறிய வேகமாகத் தோன்றலாம். ஆனால் நாம் மிதித்துப் போகும் வேகம் பெரும்பாலும் பதினைந்துதான். வேகத்தின் இருமடிப்படி ஆற்றல் கூடுவதால், பிரேக் அடக்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. அதோடு மோட்டாரும் பேட்டரியுமாக ஆறேழு கிலோ கூடுகிறது.

அவனிடம் இருந்தது அலுமினிய ஃபிரேமும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் கொண்ட கியர் சைக்கிள். பார்வைக்கு அழகான வண்டி என்றாலும், முன்சக்கரத்தில் மோட்டார் பூட்ட நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஹப் மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது அதன் அச்சு அதே விசையோடு பின்னோக்கித் திரும்ப முயல்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது ஃபோர்க்கின் நுனியில் அச்சு அமர்ந்திருக்கும் சிறு பிளவு மட்டுமே. 12 மி.மீ. அச்சின் இருபுறமும் தட்டையாக்கி 10 மி.மீ. ஆக்கியிருப்பார்கள். 30 நியூட்டன் மீட்டர் முறுக்குக்குக் கணக்குப் போட்டால், அந்தத் தட்டை விளிம்புகள் பிளவின் சுவரை நானூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையின் அழுத்தத்தோடு நெம்புகின்றன. அலுமினியம் இத்தகைய நெம்புதலுக்கு வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று உடைந்துவிடக்கூடியது. நண்பர் ஒருவருடைய ஃபோர்க்கில் அந்தப் பிளவின் உதடு பெயர்ந்து, மோட்டாரின் வயர் அச்சைச் சுற்றி முறுக்கிக் கிடந்ததை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அவர் கீழே விழாமல் தப்பியது அவருடைய நல்ல நேரம்.

அடுத்து நினைவுக்கு வந்தது நம் ஊர்களில் பால் கேனும் நெல் மூட்டையும் சுமந்த 28 அங்குலக் கறுப்புச் சைக்கிள். எஃகுக் குழாய், மூட்டுகளில் உறை வைத்துப் பற்றவைத்த ஃபிரேம், எடையைத் தாங்குவதில் எனக்கு அதன்மீது முழு மதிப்பு உண்டு. ஆனால் கம்பி பிரேக்கும் இரும்பு ரிம்மும் மழையில் நனைந்துவிட்டால், பிடித்த பிறகும் வண்டி வெகுதூரம் ஓடியே நிற்கும். இருபத்தைந்தில் வரும் வண்டிக்கு அது ஆகாது. பார் இல்லாத லேடீஸ் சைக்கிளையும் பின்பக்க சஸ்பென்ஷன் உள்ளதையும் நாங்கள் பரிசீலிக்கவில்லை. முதலாவது சுமையில் முறுகும், இரண்டாவதில் பேட்டரி வைக்க நடுவே இடம் இராது.

ஆகவே கியர் இல்லாத, எஃகு ஃபிரேமும் அலுமினிய ரிம்மும் அதை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் வி-பிரேக்கும் கொண்ட 26 அங்குலப் பழைய சைக்கிளைத் தேடினோம். முதலில் கிடைத்ததில் ஹேண்டில் குழாயோடு கீழ்க்குழாய் சேரும் இடத்தின் அடிப்பக்கம் பெயின்ட் லேசாகச் சுருங்கியிருந்தது. எங்கேயோ முன்பக்கம் பலமாக மோதிய வண்டி அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்துத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவினேன். சற்று நேரத்தில் வெள்ளைப் பொடியின் நடுவே, வெல்டிங்கின் ஓரமாக, தலைமுடி அளவில் ஈரக் கோடு ஒன்று மெல்ல எழுந்தது. விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து வரைந்த கோடு அது. கடைக்காரரிடம் காட்டியதும் அவர் மறுபேச்சில்லாமல் அந்த ஃபிரேமை இரண்டாக அறுத்துப் பழைய இரும்போடு போட்டார். வேறு யாருக்கும் விற்காமல் அவர் அப்படிச் செய்ததற்கு நான் நன்றி சொன்னேன்.

இரண்டாவது ஃபிரேமில் கோடு எதுவும் வரவில்லை. ஹேண்டில் குழாயிலிருந்து பின் அச்சு வரை இருபுறமும் நூல் கட்டி அளந்ததில் கோணலும் இல்லை. பின்சக்கர அச்சு அமரும் இரு பிளவுகளுக்கு இடையிலான அகலம் 130 மி.மீ., மோட்டாருக்கு வேண்டியது 135. எஃகு என்பதால் பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் விரித்துக்கொள்ள முடிந்தது, அலுமினியத்தில் இதற்குத் துணியவே கூடாது. மோட்டாரைப் பின்சக்கரத்தில் பூட்டி, அச்சு திரும்பாதபடி இருபுறமும் தடித்த எஃகுப் பட்டையால் ஃபிரேமோடு பிணைத்தோம். பேட்டரியைக் கேரியரில் ஏற்றாமல் நடுமுக்கோணத்தில் தாழ்வாக வைத்தோம், அதற்காகக் குழாயில் எங்கும் துளையிடவில்லை. முதல் 50 கி.மீ. ஓடியதும் அச்சு நட்டை மறுபடி முடுக்கிப் பார்த்தபோது இடது பக்கம் கால் சுற்று இறங்கியது. இப்போது மாதம் ஒருமுறை அவனே முடுக்கிப் பார்க்கிறான்.