புகைக்குழாய் உடைந்தால் முதலில் இன்ஜின் மவுண்டிங்கைப் பாருங்கள்

நம்பர் பலகையில் ஸ்ரீ எழுத்து இருந்த காலத்துப் பழைய லான்சரோ, சன்னியோ, கொரோலாவோ, எதுவானாலும் நடப்பது ஒன்றுதான். கினிகத்தேனை ஏற்றத்தில் இரண்டாம் கியர் போட்டதும் புகைக்குழாய் உடைந்து கார் டிராக்டர் மாதிரிக் கத்தத் தொடங்கும். வெல்டிங் கடையில் ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுப்பார்கள். ஆறு மாதத்தில் ஒட்டுக்கு ஓரங்குலம் தள்ளி மறுபடி உடையும். அப்போது ஒட்டுப் போட்ட வெல்டிங் பாஸைத் திட்டுவோம். பாவம், பல நேரம் அவர் ஒட்டு நல்ல ஒட்டுதான்.

குழாய் கெடுவது துருவாலா, முறிவாலா என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். ஓட்டை சல்லடை மாதிரி இருந்து, ஸ்குரூ டிரைவரால் குத்தினால் பொசுக்கென்று உள்ளே போனால் அது துரு. குழாயைச் சுற்றி மோதிரம் போல ஒரே கோடாக வெடித்து, பக்கத்துத் தகடு இன்னும் திடமாக இருந்தால் அது முறிவு.

துருவுக்குக் காரணம் தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். நுவரெலியா மாதிரிக் குளிர் ஊரில், காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய் வருகிற காருக்குப் பின் சைலன்சர் சூடேறவே நேரமில்லை. ஆவி உள்ளேயே தண்ணீராகித் தங்கி, புகையில் வரும் அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் அடித்து இதைத் தடுக்க முடியாது. அரித்த சைலன்சருக்கு ஒட்டுப் போடுவதும் வீண்: ஒட்டின் விளிம்பில் தகடு காகிதமாக இருக்கும், வெல்டிங் ராட் பட்டதும் ஓட்டை பெரிதாகும். முழுதாக மாற்றுங்கள்.

முறிவு வேறு விஷயம். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். ஏற்றத்தில் எக்ஸலேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒரு பக்கம் எம்பும். இறக்கத்தில் காலை எடுத்து இன்ஜின் பிரேக்கில் வந்தால் மறுபக்கம் சாயும். இன்ஜினைப் பாடியோடு பிடித்திருக்கும் மவுண்டிங் ரப்பர் நல்லதாக இருந்தால் அந்த ஆட்டம் கொஞ்சம்தான். ரப்பர் கிழிந்திருந்தால் ஆட்டம் முழுவதையும் இன்ஜினிலிருந்து இறங்கும் முன்குழாய் வாங்கும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் எப்படி ஒடிகிறதோ, அப்படியே குழாயும் ஒடியும். நம் பாதையில் இந்த மடக்கல் ஒவ்வொரு வளைவிலும் நடக்கிறது.

சோதிப்பது சுலபம். பொனட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளச்சைக் கொஞ்சமாக விட்டுப் பிடிக்க வேண்டும். பிறகு ரிவர்ஸிலும் அதே மாதிரி. இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. இன்ஜின் ஓரங்குலத்துக்கு மேல் எம்பினால் மவுண்டிங்கை மாற்றிவிட்டுத்தான் குழாயில் கை வைக்க வேண்டும். முன்குழாயில் ஸ்பிரிங் போல்ட் மூட்டோ பின்னல் குழாயோ இருந்தால் அது இறுகிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அசைய வேண்டிய மூட்டு அசையாவிட்டால் முறிவு அடுத்த மூட்டில் வரும்.

குழாயைத் தொங்கவிடும் ரப்பர் தொங்கட்டான்களும் அப்படித்தான். ஒன்று அறுந்ததும் கட்டுக்கம்பியால் கட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். கம்பி குழாயை பாடியோடு இறுக்கிப் பிடிக்கும். அதிர்வு முழுவதும் பக்கத்து ஒட்டில் போய் நிற்கும். அவசரத்துக்கு டயர் டியூபை வெட்டிக் கட்டினால் கூடப் பரவாயில்லை. ஒன்று போனால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், பெரிய செலவில்லை. மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். கிரீஸ், இன்ஜின் ஒயில் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால், காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணி, ஈரத் துணியை மடித்து வால் குழாயைச் சில விநாடி அடையுங்கள். அழுத்தம் ஏறி, ஓட்டை உள்ள இடத்தில் சீறும். மூட்டுகளில் கறுப்புக் கரி படிந்திருந்தால் அதுவும் அடையாளம். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். கார்பன் மொனொக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பனிமூட்டத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர்கள் முன்குழாய்க் கசிவை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. தலைவலியும் தூக்கமும் சேர்ந்து வந்தால் கண்ணாடியை இறக்கி, காரை நிறுத்தி, வெளியே இறங்குங்கள்.

கழற்றும் வேலைக்குச் சமதரை வேண்டும். லயத்துப் பக்கத்தில் அது கிடைப்பதுதான் கஷ்டம். காருக்குக் கீழே இறங்கி வேலை செய்ய பிட் (குழி) உள்ள கராஜ் கிடைத்தால் அங்கேயே செய்துகொள்ளுங்கள். ஜேக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுக்கக் கூடாது, பாரம் ஏறினால் அது சொல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லையென்றால் கனமான மரக்கட்டை. தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் அணை.

ஜப்பான் கார்களில் இங்கே வருவது அனேகமாக 8 மி.மீ. அல்லது 10 மி.மீ. நட்டு, சாவி 12, 14. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். மறுநாள் சுத்தியலால் நட்டின் தலையில் லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்பிவிட்டுப் பிறகு தளர்த்துங்கள். கிரீச்சிட்டுப் பிடித்தால் மறுபடி இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்த வேண்டும். பலத்தைக் காட்டினால், நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் முறிந்து, இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் மெனிபோல்ட்டிலேயே நிற்கும். அப்படி நின்றுவிட்டால் 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 6.8 மி.மீ. துளை போட்டு மரை வெட்டவேண்டி வரும், அரை நாள் போய்விடும். புது நட்டு பித்தளையில் வாங்குங்கள், அடுத்த முறை கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

பழைய குழாயைத் தூக்கி எறிய வேண்டாம். வளைவுக்கும் நீளத்துக்கும் அதுதான் அளவு. 1300, 1500 சிசி கார்களுக்குப் பெரும்பாலும் ஒன்றரை அங்குலத்திலிருந்து ஒன்றேமுக்கால் அங்குலம் வெளிவிட்டம். உங்கள் குழாயில் துரு இல்லாத இடத்தில் அளந்து அதையே கேளுங்கள். தகடு 1.5 மி.மீ. போதும். தண்ணீர்க் குழாயாக விற்கும் ஜீஐ பைப்பை வெட்டிப் போடச் சம்மதிக்காதீர்கள். அது தேவைக்கு மேல் கனம். மேலே பூசிய துத்தநாகம் வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் பாஸுக்கு இரவில் காய்ச்சல் வரும்.

காரில் வைத்து வெல்ட் பண்ணும் முன் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே குழாயில் போடச் சொல்லுங்கள். பின் சைலன்சருக்குப் பக்கத்தில்தான் பெற்றோல் டேங்க். ஈரச் சாக்கால் மறைத்து, ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். சரியான முறை என்னவென்றால், எல்லாத் துண்டுகளையும் ரப்பரில் தொங்கவிட்டு, இழுப்பு இல்லாமல் தானாக உட்கார வைத்து, மூட்டுக்கு மூன்று பொட்டு மட்டும் வைத்து, பிறகு இறக்கி வெளியே சுற்றிலும் ஒட்டுவது. குழாயை நெம்பிப் பிடித்துக்கொண்டு முழுதாக ஒட்டினால் அந்த நெம்பல் அதற்குள்ளேயே தங்கிவிடும். ரப்பர் மாற்றியும் பயன் இல்லை. மெல்லிய தகட்டுக்கு 2 மி.மீ. ராட், குறைந்த கரன்ட். மிக் வெல்டிங் உள்ள கடை என்றால் இன்னும் நல்லது.

கிளாம்ப் போட்டுச் சேர்ப்பதானால் ஒரு குழாய் மற்றதற்குள் 40, 50 மி.மீ. நுழைய வேண்டும், இன்ஜின் பக்கத்துக் குழாய் உள்ளே போவது நல்லது. மெனிபோல்ட் மூட்டின் வளையக் கேஸ்கட்டை எப்போதும் புதிதாகப் போடுங்கள், பழையது ஒருமுறை நசுங்கியது. ஸ்பிரிங் போல்ட்டை அதன் தோள் முட்டும் வரை மட்டும் இறுக்குங்கள். ஸ்பிரிங் முழுதாக நசுங்கினால் மூட்டு அசையாது.

சூட்டில் குழாய் நீளும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று மீற்றர் குழாய் 300 பாகை சூடேறினால் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் பின்னால் தள்ளும். ஆகவே குளிர்ந்த நிலையில் ரப்பர்கள் நேராகவோ, இம்மியளவு முன்னால் சாய்ந்தோ தொங்க வேண்டும். பாடிக்கும் குழாய்க்கும் ஓரங்குல இடைவெளி. பிரேக் ஹோஸ், பெற்றோல் குழாய் பக்கத்தில் அதைவிட அதிகம். பின் சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து அச்சில் முட்டுகிறதா என்று பாருங்கள். கையால் குழாயை நாலு பக்கமும் ஆட்டினால் எங்கேயும் டொக்கென்று சத்தம் வரக் கூடாது.

புதுச் சைலன்சரின் அடியில் 3 மி.மீ. அளவில் ஒரு சிறு துளை இருக்கும். அது குறையல்ல, தண்ணீர் வடிவதற்கு. ஓட்டை என்று நினைத்து அதை அடைத்துக் கொடுக்கிற கடைகளும் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் பத்து நிமிடம் பெயின்ட்டும் கைபட்ட ஒயிலும் எரிந்து புகையும், பயப்பட வேண்டாம். ஹட்டனிலிருந்து நுவரெலியா போய்த் திரும்பியதும், குழாய் ஆறிய பிறகு, கிளாம்ப் நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். அனேகமாக எல்லாம் கால் சுற்று ஏறும். அதற்குப் பிறகும் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக் என்று அடித்து, சூடேறியதும் நின்றுபோனால், கசிவு கீழே இல்லை. மெனிபோல்ட் கேஸ்கட்டைப் பாருங்கள்.