ராமேசுவரத்திலிருந்து கல்லூரிக்கு

ஜூன் 15, 2025, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் நேற்று நள்ளிரவோடு முடிந்தது. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகளில் இப்போது ஐஸ் ஏற்றுகிறார்கள். இரண்டு மாதம் வருமானமில்லாத வீட்டில் விடுதிக் கட்டணம் கட்டும் நேரமும் இதுதான். அப்பா கடலுக்குப் போனால்தான் அந்தப் பணம் வரும். அதனால் பிள்ளையைச் சேர்த்துவிட அவரால் கூடப் போக முடியாது. எங்கள் தெருவிலிருந்து இந்த வருடம் ஐந்து பேர் மதுரைக்குப் படிக்கப் போகிறார்கள். ஐந்து வீட்டிலும் அவர்கள்தான் முதல் ஆள்.

ஜூன் 22, ஞாயிறு

ஐந்து பேரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சான்றிதழ் வேலை சீக்கிரம் முடிந்தது. மாற்றுச் சான்றிதழைக் கொடுக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையம். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு.

அப்புறம் "இன்டர்னல்னா என்ன?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் முதல் வருடம் தெரியாது. நான் படித்த இடத்தில் 25 மதிப்பெண் இன்டர்னல், அதாவது அசைன்மென்ட் போன்றவற்றுக்குக் கல்லூரியே போடுவது; 75 செமஸ்டர் தேர்வு. பள்ளியில் போல ஆசிரியர் கேட்டு வாங்குவார் என்று அசைன்மென்டை எழுதிப் பையிலேயே வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. தேதி போனது, மதிப்பெண்ணும் போனது. படிப்பு வராமல் தோற்றவள் இல்லை நான். கேட்கத் தெரியாமல் இழந்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு அது நடக்கக் கூடாது.

அரியர் (தோற்று மறுபடி எழுதும் தாள்), போனஃபைடு (இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தரும் சான்று), கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள மதிப்பு அலகு), டியூட்டர் (நம்மைக் கவனிக்கும் பொறுப்பாசிரியர்) என்று ஒவ்வொரு சொல்லாக இரவு எட்டு மணிவரை பேசினோம். ராகிங் 1997 முதலே தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி, 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு உதவி எண்ணைக் கைப்பேசியில் பதியவைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

மாலை ரயிலில் அனுப்பிவைத்தோம். 2022 டிசம்பரில் தீவுக்கு ரயில் நின்றுபோனது. ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு படிக்கப் போகும் முதல் கூட்டம் இவர்கள்தான். ஒரு அம்மா நெத்திலிப் பொடி டப்பாவை மூன்று துணியில் சுற்றிக் கொடுத்தார், விடுதியில் வாசம் வரக்கூடாதாம்.

ஜூலை 3, வியாழன்

அந்த அம்மாவின் மகள் இரவு பத்தரைக்கு அழைத்தாள். "அக்கா, இங்க யாரும் எங்கிட்ட பேசல." கொஞ்ச நேரம் அழவிட்டேன். அப்புறம், பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு எந்த ஊர் என்று கேட்டாயா என்றேன். கேட்கவில்லையாம்.

ஜூலை 12, சனி

நான் பயந்தது நடந்தது. விலங்கியல் சேர்ந்த பையன் பெட்டியோடு வந்துவிட்டான். வகுப்பு முழுக்க ஆங்கிலம், இவன் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். "அப்பா கூடக் கடலுக்கே போயிடறேன்க்கா" என்கிறான். அவன் அப்பா ஒன்றும் சொல்லாமல் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகன் கடலுக்கு வரக்கூடாது என்றுதானே அந்த மனிதர் இத்தனை வருடம் போய்வந்தார்.

ஜூலை 14, திங்கள்

விடுப்பு போட்டு அவனோடு போனேன். ரயிலில் அவன் நோட்டைப் பிரித்தால், 'லியோக்னாதஸ்' என்று எழுதி அடியில் கேள்விக்குறி. "டேய், இது நம்ம காரல் மீன்" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். ராமநாதபுரம் தாண்டும்வரை சீலா, பாறை என்று அவன் சொல்லச் சொல்ல, கைப்பேசியில் தேடி ஆங்கிலப் பெயரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தோம். அவனுக்குத் தெரிந்த மீன்களில் பாதிக்கு நான் பெயர் கண்டுபிடிக்கவில்லை.

டியூட்டர் அறை வாசலில் நான் பேச வாயெடுத்தேன். அவன் என்னை முந்திக்கொண்டான்.

"சார், கொஞ்ச நாள் நான் வரல. விட்டுப்போன பாடத்தை யார்கிட்ட கேக்கணும்?"