டெனருக்குக் கீழே ஒரு வா-வா பெடல்

ஜூலை 2

நண்பன் தன் வா-வா பெடலை, காலால் அசைத்தால் ஒலியை 'வா வா' என்று பேச வைக்கும் பெட்டியை, என் டெனர் சாக்ஸபோனுக்காகக் கொஞ்ச நாளைக்குக் கொடுத்திருக்கிறான். "இது கிடாருக்குன்னே செஞ்சதுடா, உன் சாக்ஸுக்கு ஒத்து வராது" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்தான். வரலாறு அவன் பக்கம் இல்லை. 1966-இல் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் இந்தச் சர்க்யூட்டை உருவாக்கியபோது, நிறுவனத் தலைவர் அதை ஊதுகிறவர்களிடம்தான் விற்க நினைத்தார். முதலில் வந்த வாக்ஸ் பெடலுக்கு வைத்த பெயரே ஒரு டிரம்பெட் கலைஞருடையது: கிளைட் மெக்காய். டிரம்பெட் வாயில் மியூட்டை வைத்துத் திறந்து மூடி 'வா வா' என்று பேச வைத்தவர். அப்புறம்தான் கிடார்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஜூலை 3

இன்று முழுக்க ஒயர் வேலை.

மைக்கை நேராகப் பெடலில் செருக முடியாது. செருகும் முனையே வேறு. அதைவிட முக்கியம், வரும் சிக்னல் போதாது. எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக், 94 டெசிபலில் 1.6 மில்லிவோல்ட்தான் தரும். சாக்ஸின் விரிந்த முனையான மணிவாயருகே மைக்கை வைத்து, டெனரைக் கொஞ்சம் உரக்க ஊதினால் 114 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம்: 16 மில்லிவோல்ட். கிடார் இதைவிடப் பல மடங்கு தரும், பெடலும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. நடுவே ஒரு சின்ன மேட்சிங் டிரான்ஸ்பார்மரைப் போட்டால் வோல்டேஜ் பத்து மடங்காகிறது, 160 மில்லிவோல்ட். பெடலுக்கு அது போதும். பேட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

மணிவாயில் கவ்விக்கொள்ளும் கன்டென்சர் மைக் என்றால் இந்த வழி ஆகாது. அதற்கு 48 வோல்ட் கொடுக்க வேண்டும். முதலில் மிக்சருக்குப் போய், அங்கிருந்து ஆக்ஸ் செண்டை (ஒலியை வெளியே அனுப்பும் வழி) நன்றாகக் குறைத்து வைத்துப் பெடலுக்கு, பெடலிலிருந்து மிக்சரின் இன்னொரு சேனலுக்கு. அந்தத் திரும்பி வரும் சேனலில் ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து காதைக் கிழிக்கும்.

ஜூலை 6

சத்தம் வந்தது. வா-வா வரவில்லை! காலை மேலும் கீழும் அசைக்கிறேன், ஏதோ லேசாக நெளிகிறது, அவ்வளவுதான். பெடல் ரிப்பேரோ என்று பார்த்தால், மைக் லைனைப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டபோது அட்டகாசமாக இருக்கிறது.

யோசித்தால் காரணம் எளிது. எலக்ட்ரிக் கிடாரின் கம்பி தானாக எழுப்பும் ஒலி கேட்பவர் காதுக்கு எட்டாது. பெடல் எதைக் கொடுக்கிறதோ அதுதான் கிடார். சாக்ஸபோனோ பிளக்கைப் பிடுங்கினாலும் அறையை நிறைக்கும். பெடல் அதை மாற்றுவதில்லை, பக்கத்தில் இன்னொரு ஒலியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெடலை மூடும்போது உயர் ஒலிகள் அடங்க வேண்டும் இல்லையா? அடங்குவது ஸ்பீக்கரில் மட்டும். என் முகத்துக்கு எதிரே கருவி முழுத் தொண்டையில் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. போதாக்குறைக்கு மேல்பற்கள் மவுத்பீஸில் பதிந்திருப்பதால் அந்த ஒலி எலும்பு வழியாகவும் ஏறுகிறது. ஆக, வா-வாவைக் கடைசியாகக் கேட்கும் ஆள் ஊதுகிறவர்தான்.

ஸ்பீக்கர் கருவியை மிஞ்ச வேண்டும், அல்லது காதை அடைக்கும் இயர்போனில் கேட்க வேண்டும். சின்ன அறையில் உட்கார்ந்து 'சாக்ஸுக்கு எஃபெக்ட்ஸ் எடுபடாது' என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஜூலை 7

ஒற்றைக் காலில் நின்று ஊதினால் மூச்சு வயிற்றிலிருந்து மார்புக்கு ஏறிவிடுகிறது. கழுத்துப் பட்டையை விடத் தோள் பட்டை தேவலாம். உயரமான ஸ்டூல் இன்னும் நல்லது.

ஜூலை 11

எந்தச் சுரத்தில் வா-வா பேசுகிறது என்று ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தேன். இந்த வகைப் பெடல் ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 வரை ஒரு மேட்டை, அதாவது ஒலியைத் தூக்கிக் காட்டும் பகுதியை, நகர்த்துகிறது. டெனரின் அடிச் சுரம் 104 ஹெர்ட்ஸ். அதோடு சேர்ந்தே ஒலிக்கும் மேற்சுரங்கள் 104-க்கு ஒன்றாக அடுக்கடுக்காக நிற்பதால், அந்த மேடு நகரும் வழியில் பதினைந்துக்கு மேல் அகப்படுகின்றன. 'உ'-விலிருந்து 'ஆ'-வுக்குப் போகும் வாயைத் துல்லியமாகக் கேட்கலாம். சாதாரண விரலமைப்பின் உச்சிச் சுரம் 622 ஹெர்ட்ஸ். அங்கே அகப்படுவது 622, 1,244, 1,866 என்று மூன்றே மூன்று. உயிரெழுத்து எதுவும் உருவாகவில்லை, யாரோ வால்யூமைத் திருகுவது போலத்தான் இருக்கிறது.

ஆகவே வா-வா கீழ் ஸ்தாயிக்கு. மேலே போகும்போது காலை எடுத்துவிடுவதே மேல். பாதி வழியில் பெடலை அசையாமல் நிறுத்தி வைப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது; குடத்துக்குள் வாயை வைத்துப் பேசும் குரல் கிடைக்கிறது.

ஜூலை 15

ஆட்டோ-வா. காலுக்கு வேலை இல்லை, ஊதும் பலத்தைப் பார்த்து ஃபில்டர் தானாகத் திறக்கிறது. இதை வைத்துக்கொண்டு மாலை முழுவதும் எழுந்திருக்க மனமில்லை.

கிடாரில் தந்தியைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். ஃபில்டர் சட்டென்று திறந்து மூடும், எப்போதும் அதே 'வவ்'. சாக்ஸில் சுரத்தை மெதுவாகத் தொடங்கி நடுவில் பெருக்கலாம், பெருக்கியபடியே நிறுத்தலாம். 'ம்ம்-வா-ஆ' என்று ஒரே மூச்சில் விரிகிறது. நாக்கால் வெட்டினால் கூர்மையாகக் குரைக்கிறது. கம்ப்ரஸரை இதற்கு முன்னால் போடக் கூடாது, ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிட்டால் ஃபில்டருக்குப் பார்க்க என்ன மிஞ்சும்?

ஜூலை 19

டிரம்ஸோடு ஒத்திகை. நான் மூச்செடுக்கும் இடைவெளியில் சிம்பல் என் மைக் வழியாக நுழைந்து 'ஷ்வ்வா' என்று போகிறது. டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவைப் போட்டதும் இன்னும் மோசம்: மெல்லிய ஒலிகளை எல்லாம் தூக்கிவிடுவதால் கீகளின் டக் டக்கும் எதிர்மூலை ஸ்னேரும் எனக்குச் சமமாக வந்து நின்றன. அப்புறம், ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பி வந்து ஊளை. பெடலை முன்பாதத்தால் அழுத்த அழுத்த ஊளையின் சுருதியும் கூடவே ஏறியது, அது மட்டும் வேடிக்கையாக இருந்தது.

இதற்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு. 1965 வாக்கில் செல்மர் கொண்டுவந்த வாரிடோன் முறையில், ஒலியைக் கருவிக்குள்ளேயே பிடிக்கும் பிக்கப், சாக்ஸின் கழுத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. சாக்ஸ் கலைஞர் எடி ஹாரிஸ் அதை வைத்துப் பேர் வாங்கினார். பிக்கப்புக்கு அறை கேட்காது. ஆனால் மணிவாயிலும் துளைகளிலும் பிறக்கும் காற்றோட்டமான ஒலியும் கேட்காது, மூக்கடைத்த சத்தம்தான் வரும். டிரைவும் ஃபில்டரும் போட்ட பிறகு அதை யார் கவனிக்கப் போகிறார்கள்? உபரிக் கழுத்து ஒன்று கிடைத்தால் அதில் ஓட்டை போடலாம். இருக்கும் கழுத்தில் டிரில் வைக்க மனசு வரவில்லை.

ஜூலை 24

ஆக்டேவர்: ஊதும் சுரத்தோடு ஒன்றோ இரண்டோ ஸ்தாயி கீழே இன்னொன்றைச் சேர்க்கும் பெடல். ஒரு நேரத்தில் ஒரே சுரம் என்பதால் சாக்ஸ் இதற்கு வாகான கருவி. தொண்டையில் உறுமிக்கொண்டே ஊதினால் மட்டும் பெடல் எந்தச் சுரத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் தெறிக்கிறது. எனக்கு அதுவும் சம்மதம். அடிச் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே 52 ஹெர்ட்ஸ், பேஸ்காரர் முறைக்கிற இடம். இரண்டு ஸ்தாயி கீழே 26, அதை என் ஸ்பீக்கர் எழுப்பாது.

வரிசை இப்போதைக்கு: ஆக்டேவர், ஆட்டோ-வா, டிரைவ், டிலே. ஆக்டேவருக்கு எதுவும் கலக்காத சிக்னல் வேண்டும், அதனால் அது முதலில். ஊதியதைச் சற்றுத் தாமதித்துத் திரும்பச் சொல்லும் டிலே கடைசியில், அதுவும் 400 மில்லிசெகண்டுக்குக் குறையாமல். நான் மூச்செடுக்கும்போது பேச ஒரு ஆள் வேண்டுமே.