பேறுகாலக் குரலும் போர்முழக்கமும்: மன்றாட்டுகளில் கடவுளின் பெண் உருவகங்கள்

மன்றாட்டு எழுதுகிறவர்கள், மறையுரை தயாரிக்கிறவர்கள், மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் எப்போதாவது வரும் கேள்வி, 'கடவுளைத் தாய் என்று சொல்லலாமா?' கொள்கை அளவில் இதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. கடவுள் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல, அவர் கடவுள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1992) 239ஆம் எண்ணில் சொல்கிறது. 675இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், இறைமகன் 'தந்தையின் கருப்பையிலிருந்து' பிறந்தவர் என்று தயங்காமல் அறிக்கையிட்டது. 1978 செப்டம்பர் 10 அன்று மூவேளைச் செப உரையில் திருத்தந்தை முதலாம் யோவான் பவுல், கடவுள் நமக்குத் தந்தை, அதைவிடவும் தாய் என்றார்.

கொள்கை தெளிவாகத்தான் இருக்கிறது. எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வழக்கமாக நடப்பது இதுதான்: பழைய மன்றாட்டை எடுத்து, 'தந்தையே' என்று வரும் இடத்தில் 'தந்தையும் தாயுமானவரே' என்று மாற்றி, பின்னால் கனிவு, அரவணைப்பு, மடி என்று சில சொற்களைச் சேர்த்துவிடுகிறார்கள். படைப்பது, தீர்ப்பளிப்பது, சினம் கொள்வது, விடுவிப்பது எல்லாம் தந்தையிடமே தங்கிவிடுகின்றன. ஆறுதல் சொல்வது மட்டும் தாய்க்கு. பெண்ணுக்கு இடம் தருவதாக நினைத்துக்கொண்டு, வீட்டின் பின்கட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தருகிறோம். அப்படிப்பட்ட மன்றாட்டைவிட, 'தந்தையே' என்று மட்டும் இருந்த பழைய மன்றாட்டே மேல் என்பது என் கருத்து.

விவிலியம் இப்படிப் பங்கு பிரிப்பதில்லை. எசாயா 42ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் வசனத்தில் ஆண்டவர் போர்வீரரைப்போல் புறப்பட்டு முழங்குகிறார். அடுத்த வசனத்திலேயே, நெடுங்காலம் அடக்கிக்கொண்டிருந்தவர் பேறுகாலப் பெண்போல் கதறி, மூச்சிரைத்துத் திணறுகிறார். இரண்டிலும் இருப்பது உரத்த குரல், இனியும் அடக்க முடியாத வேகம். 15ஆம் வசனத்தில் மலைகள் பாழாகின்றன, 16இல் பார்வையற்றோர் அறியாத வழியில் நடத்தப்படுகிறார்கள். பேறுகால வலிக்கு இங்கே மென்மை என்ற பொருளே கிடையாது. புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கும் ஆற்றல் அது. 14ஆம் வசனத்தை மட்டும் தனியே வெட்டி ஒட்டினால் இதெல்லாம் போய்விடும். 13 முதல் 16 வரை சேர்த்து வாசியுங்கள்.

இதே எச்சரிக்கை கோழி உருவகத்துக்கும் பொருந்தும். குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழியாக இயேசு தம்மைச் சொல்வது லூக்கா 13:34இல். இரண்டு வசனங்களுக்கு முன்புதான் ஏரோதை நரி என்று சொல்லியிருக்கிறார். நரி சுற்றும் இடத்தில் சிறகை விரித்து நிற்கும் கோழி அது. அழகான ஓவியமாக மட்டும் அதைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது. ஓசேயா 13:8இல் கடவுள் குட்டிகளைப் பறிகொடுத்த கரடியாகப் பாய்கிறார். திருப்பாடல் 22இல் கருப்பையிலிருந்து குழந்தையை வெளியே எடுக்கும் மருத்துவச்சியின் வேலையைச் செய்கிறார். சிலுவையில் இயேசு சொன்னது இந்தப் பாடலின் முதல் வரியையே என்பதால், புனித வெள்ளி மறையுரையில் இந்த 9ஆம் வசனத்தை விட்டுவிடுவது பெரிய இழப்பு.

மன்றாட்டு எழுதும் முறைக்கு வருவோம். சபை மன்றாட்டுக்கு (திருப்பலியின் தொடக்கத்தில் எல்லார் பெயராலும் சொல்லப்படுவது) ஐந்து உறுப்புகள்: கடவுளை அழைக்கும் விளி, கடவுள் செய்ததைச் சொல்லும் பகுதி, வேண்டுகோள், அதன் பயன், கிறிஸ்து வழியாக என்ற முடிவு. பெண் உருவகத்தை விளியில் வைக்காமல் இரண்டாம் உறுப்பில் வையுங்கள். விளியில் வைத்தால் அது பட்டமாக நின்றுவிடும். கேட்பவர்களும் அந்தப் பட்டம் சரியா தவறா என்ற யோசனையில் மீதி மன்றாட்டைத் தவறவிடுவார்கள். இரண்டாம் உறுப்பில் வைத்தால் உருவகம் தன் வினையோடு வரும், வேண்டுகோள் அந்த வினையிலிருந்தே பிறக்கும். எசாயா 42ஐக் கொண்டு இப்படி எழுதலாம்:

'கடவுளே, நெடுநாள் அடக்கிய குரலைப் பேறுகாலப் பெண்போல் உரத்து எழுப்புகிறவரே, சிறையில் இருப்போருக்காக நீர் எழுப்பும் அந்தக் குரல் எங்கள் காதில் விழவும், அவர்களின் விடுதலைக்காக நாங்கள் உழைக்கவும் அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம்.'

சிறையில் இருப்போர் என்பது அதே அதிகாரத்தின் 7ஆம் வசனம். உருவகமும் வேண்டுகோளும் ஒரே இடத்திலிருந்து வருவதால் மன்றாட்டு சிதறாமல் நிற்கிறது. ஒரு மன்றாட்டுக்கு ஓர் உருவகம் போதும். கோழி, கரடி, தாய், மருத்துவச்சி என்று நான்கையும் அடுக்கினால் ஒன்றும் மனத்தில் தங்காது. எழுதி முடித்ததும் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். 'அணைக்கிற', 'தாலாட்டுகிற' என்பவை மட்டுமே மிஞ்சினால் திரும்ப எழுத வேண்டும்.

தியானம் நடத்துகிறவர்களுக்கும் ஆற்றுப்படுத்துகிறவர்களுக்கும் எசாயா 49:15 தவிர்க்க முடியாதது. அதிகம் பாழாவதும் அதுதான். தந்தையால் காயப்பட்டவருக்கு 'தாய்க் கடவுளை' மருந்தாக நீட்டுகிறோம். தாயாலேயே கைவிடப்பட்டவர் அதே அறையில் உட்கார்ந்திருப்பார் என்பது நினைவுக்கு வருவதில்லை. தாய் தன் பிள்ளையை மறப்பாளா என்ற கேள்வியோடு வாசகத்தை நிறுத்தினால் அவருக்கு அது குத்தும். வசனமோ அங்கே நிற்பதில்லை. தாயே மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் என்று கடவுள் தொடர்கிறார். மறக்கும் தாயும் உண்டு என்பதை இறைவாக்கே ஒப்புக்கொள்கிறது. அந்த இரண்டாம் பாதியை மெதுவாக, தனியாக வாசியுங்கள். தாய்மையைக் குறையற்றதாக்கிப் பேசும் மறையுரை இந்த வசனத்துக்கே எதிராகப் பேசுகிறது.

ஞாயிறு வாசகங்களையும் கவனிக்க வேண்டும். கத்தோலிக்க வாசக நூல் மூன்று ஆண்டுச் சுழற்சியில் அமைந்தது. அதில் எசாயா 49:14-15 பொதுக்காலம் 8ஆம் ஞாயிறு, முதல் ஆண்டுக்கு உரியது. தவக்காலம் முன்னதாகத் தொடங்கினால் அந்த ஞாயிறு வராது. 2017இல் வந்தது, 2020இலும் 2023இலும் வரவில்லை. மூன்றாம் ஆண்டின் தவக்காலம் 4ஆம் ஞாயிறன்று லூக்கா 15இல் 3ஆம் வசனத்திலிருந்து 11க்குத் தாவுகிறார்கள், கடவுளுக்கு உவமையாக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிக் காசு தேடும் பெண் அன்று காணாமல் போகிறாள். முதல் ஆண்டின் 16ஆம் ஞாயிறுக்குக் குறுகிய வாசகமும் உண்டு. அதைத் தேர்ந்தால் மத்தேயு 13:33 விடுபடும். மூன்று மரக்கால் மாவைப் பிசையும் பெண் இருப்பது அங்கேதான். அது ஏறத்தாழ 40 லிட்டர் மாவு, ஊருக்கே அப்பம் சுடும் அளவு. ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்று குறுகிய வாசகத்தை எடுக்காதீர்கள்.

தூய ஆவியாரைக் குறித்து ஒன்று. எபிரேயத்தில் ஆவி பெண்பால் சொல் என்பதால் ஆவியார் பெண் என்று வகுப்புகளில் சொல்லிவிடுகிறார்கள். அது இற்றுப்போன கயிறு. 380ஆம் ஆண்டளவில் திருச்சபைத் தந்தையரில் ஒருவரான நசியான்சு கிரகோரியே, சொல்லின் இலக்கணப் பாலை வைத்துக் கடவுளுக்குப் பால் கற்பிப்பதைக் கண்டித்தார். அதே வாதத்தால் கிரேக்கத்தில் ஆவி அஃறிணை ஆகிவிடும். 4ஆம் நூற்றாண்டின் சிரியாக் மொழிக் கிறிஸ்தவ எழுத்தாளர் அப்ராகாத்து தூய ஆவியைத் தாய் என்றே எழுதியிருக்கிறார். அந்த மரபைக் காட்டுங்கள், அதற்கு வலு உண்டு.

கை வைக்கக் கூடாத இடமும் உண்டு. திருமுழுக்கின்போது தந்தை, மகன், தூய ஆவியார் என்ற வாய்பாட்டை 'படைப்பவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர்' என்று மாற்றியவர்கள் உண்டு. அப்படித் தரப்பட்ட திருமுழுக்கு செல்லாது என்று 2008இல் வத்திக்கான் அறிவித்தது. அதைப் பெற்றவர்களுக்கு நிபந்தனை ஏதுமின்றி, புதிதாகவே திருமுழுக்கு கொடுக்க வேண்டியதாயிற்று. அருள்பணியாளர் ஒரு நல்ல நோக்கத்துக்காகச் செய்ததன் சுமை, எதுவும் அறியாத குடும்பங்கள்மேல் விழுந்தது. பெண் உருவகத்துக்கு அந்தச் சடங்கிலேயே வேறு இடம் இருக்கிறது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு 4ஆம் நூற்றாண்டு ஆயர் எருசலேம் சிரில், அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் ஆனது என்று கற்பித்தார். பெற்றோருக்கான தயாரிப்பு வகுப்பில் மறுபடி பிறப்பதைப் பேசும் யோவான் 3ஐயும் இந்த வரியையும் சேர்த்து வைத்து அரைமணி நேரம் பேசலாம். சடங்கில் தொட்டியருகே நிற்கும்போது வாய்பாட்டை எழுதியுள்ளபடியே சொல்லுங்கள்.