பொனெற்றில் ஒட்டிய பூச்சி: சுரண்டாமல் ஊறவிடுங்கள்

பொழுதுபட்ட பிறகு மட்டக்களப்பு–கல்முனை வீதியில் வயற்பக்கமாக ஓடிய காரின் பம்பரும் பொனெற்றும் பூச்சியால் நிறைந்திருக்கும். மறுநாள் வெயில் ஏறுமுன் கழுவிவிடுங்கள். பூச்சியின் உடற்சாறு அமிலத்தன்மை உடையது. சூடான தகட்டில் காய்ந்தால் பெயின்றின் மேலுள்ள ‘கிளியர் கோட்’ எனும் நிறமற்ற காப்புப் பூச்சை அரித்துத் தழும்பாக்கிவிடும். அதன்பின் பொலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நிழலில் விட்டு, தகடு ஆறியதும் தண்ணீர் அடியுங்கள். கார் ஷாம்பூ கலந்த இளஞ்சூட்டு நீரில் மைக்ரோஃபைபர் துணியைத் தோய்த்து, கறையின் மேல் 5 முதல் 10 நிமிடம் போர்த்தி வையுங்கள். துணி காயக் கூடாது. பிறகு அழுத்தாமல் துடைத்தாலே கழன்று வரும். வராவிட்டால் மறுபடி ஊறவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் வேண்டவே வேண்டாம், பெயின்றைக் கீறிவிடும். பாத்திரம் கழுவும் திரவமோ பெயின்றின் மேல் பூசிய கார் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். முடிவில் முன்பக்கத்துக்கு மட்டுமாவது மெழுகு பூசுங்கள். அடுத்த தடவை பூச்சி இந்தளவு இறுகாது.